ரங்கூன்லேருந்து தன்பியுசயாத் வரைக்கும் ஒரு ஜப்பான் கூடை சைக்கிள்: ஆறு வருஷம் ஓட்டின பிறகு எழுதுறேன்

இந்த சைக்கிளை வாங்கினது 2019 அக்டோபர்ல, மழை விடுற நேரம். ரங்கூன்ல ஜப்பான் பழைய சாமான் இறக்கி விக்கிற கடைங்க நிறைய இருக்கு, அதுல ஒண்ணுல நூறு சைக்கிள் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு நிக்குது, கடைசி வரிசையில சுவத்தோரமா இது நின்னுச்சு. ஒரு லட்சத்து இருபதாயிரம் ச்சாட் சொன்னாங்க, பேசிப் பேசி ஒரு லட்சத்து அஞ்சாயிரத்துக்கு முடிச்சேன். முன்னாடி கம்பிக்கூடை, பின்னாடி கேரியர், ரெண்டு கால் ஸ்டாண்டு, பின்சக்கரத்துல சாவி போட்டுப் பூட்டுற வளையப் பூட்டு, முழுசா மூடின செயின் கவர், மூணு கியர். ஜப்பான்ல அம்மாமாருங்க பிள்ளையைப் பின்னால உக்கார வச்சுக்கிட்டு கூடையில காய்கறி வாங்கிப் போட்டுட்டு வர்ற வண்டி இது, அங்க மாமாச்சாரின்னு சொல்லுவாங்க. டூரிங் சைக்கிள்னு எந்தக் கடைக்காரரும் இதைக் காட்ட மாட்டாரு.

ஆனா அந்த வருஷம் டிசம்பர்ல நானும் என் மச்சானும் இதே மாதிரி ரெண்டு சைக்கிள்லதான் ரங்கூன்ல கிளம்பி பெகு, சித்தாங், சைட்டோ, தட்டோன், மோல்மேன், அதுக்குக் கீழ தன்பியுசயாத் வரைக்கும் ஆறு நாள் போனோம், எல்லாம் சேத்து 225 மைல் பக்கம் வரும். அதுக்கப்புறம் இந்த ஆறு வருஷமா தினம் ஓட்டுறேன். இப்ப அந்த ரோட்டு நிலைமை வேற, இதைப் படிச்சிட்டு யாரும் அப்படியே கிளம்பிடாதீங்க. சைக்கிளைப் பத்திக் கேக்குறவங்க நிறைய பேரு, டூர் போகணும்னா லட்சக்கணக்குல செலவு ஆகுமான்னும் கேக்குறாங்க, அவங்களுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

முதல்ல ஒரு ஸ்டிக்கரைப் பத்திச் சொல்லணும். சீட்டுக்குக் கீழ இருக்கிற குழாயில மஞ்சள் கலர்ல ஒரு சின்ன ஸ்டிக்கர், ஜப்பான் எழுத்து, கீழ நம்பர். அந்த ஊர்ல சைக்கிள் வாங்கினா திருட்டுப் போகாம இருக்க போலீஸ்ல பதிவு பண்ணி ஒட்டுறது அது. பின் மட்கார்டுல இன்னொண்ணு, பாதி கிழிஞ்சது, ஏதோ ஸ்டாண்டுல நிறுத்துறதுக்குக் குடுத்ததா இருக்கும். வீட்டுக்குக் கொண்டு வந்து நிறுத்தினதும் எங்க அப்பாயி வந்து அந்த எழுத்தை விரலால தடவிப் பாத்தாங்க. அப்ப அவங்களுக்கு 89 வயசு. 1942ல ஜப்பான்காரங்க வந்தப்ப அவங்க அப்பா வச்சிருந்த சைக்கிளை சிப்பாய்ங்க எடுத்துட்டுப் போயிட்டாங்களாம், பெகு பக்கம் ஒரு கிராமத்துல அந்த ஒரு சைக்கிள்தான் இருந்துச்சாம். "அன்னிக்கு ஒண்ணு குடுத்தோம், இன்னிக்கு ஒண்ணு வந்திருக்கு, வச்சுக்கய்யா"ன்னாங்க. அந்த ஸ்டிக்கரை நான் இன்னிக்கு வரைக்கும் உரிக்கல.

சரி, வண்டி எப்படி. எடை 19 கிலோ கிட்ட. கையில தூக்கினா கனம், ஏறி உக்காந்து நாலு மிதி மிதிச்சா கனம் தெரியாது. கியர் ஷிமானோ நெக்ஸஸ் மூணு கியர், எல்லாம் பின்சக்கர ஹப்புக்குள்ளயே இருக்கு, வெளிய பல்சக்கர அடுக்கு, செயினை மாத்தி விடுற தொங்குற டெரயிலர் எதுவும் கிடையாது. ரெண்டாவது கியர் நேரடி, ஒண்ணாவது அதுல முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கம்மி, மூணாவது அதைவிட மூணுல ஒரு பங்குக்கு மேல கூட. இவ்வளவுதான். பெகு சமவெளியில நாள் முழுக்க ரெண்டாவதுலயே போகலாம், வாடைக்காத்து முதுகுல பிடிச்சா மூணு, பாலம் ஏறினா ஒண்ணு, யோசிக்கவே வேண்டியதில்ல. நின்ன இடத்துலயே கியர் மாத்தலாம்ங்கிறது பெரிய வசதி, லாரி குறுக்க வந்து சடன் பிரேக் போட்டு நின்னாக்கூட ஒண்ணுக்குத் தள்ளிட்டு மெதுவா எடுக்கலாம்.

மூணாம் நாள் பிலின் தாண்டினதும் எனக்கு கியர் வழுக்க ஆரம்பிச்சுது, மிதிச்சா மிதி வெத்தா சுத்துது, திடீர்னு பிடிக்குது, முழங்கால் ஹேண்டில்பார்ல போய் இடிக்குது. பயந்துட்டேன், ஹப்பு போச்சுன்னு நினைச்சேன். மச்சான் உக்காந்து பாத்தான். ஹப்பு பக்கத்துல ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் மாதிரி இருக்கும், கியரை ரெண்டுல வச்சா உள்ள இருக்கிற கோடு ஜன்னல் கோட்டுக்கு நேரா வரணும், கேபிள் இழுவிப் போனதுல அது விலகி நின்னுச்சு. கையாலயே திருகுற நட்டு, ஒரு சுத்து முறுக்கினான், கோடு நேரா வந்துச்சு, முடிஞ்சு போச்சு. "இதுக்கா மச்சான் மூஞ்சியைத் தொங்கப் போட்ட"ன்னு கேட்டான். வாங்குறவங்க முதல் வேலையா அந்த ஜன்னலைப் பாத்துக்குங்க, வாரம் ஒரு தடவை பாத்தா போதும்.

டயர் விஷயம்தான் எனக்கு இன்னிக்கும் ஆத்திரம். அந்தக் கடையில டயருக்கெல்லாம் கறுப்பு பாலிஷ் போட்டுப் பளபளன்னு வச்சிருந்தாங்க, நான் ஏமாந்துட்டேன். ஜப்பான்ல வருஷக்கணக்கா மழையிலயும் வெயில்லயும் கிடந்த டயர், ஓரத்துல பூரா மெல்லிசா வெடிப்பு, பாலிஷ் அதை மூடிருச்சு. ரெண்டாம் நாள் வாவ் தாண்டி சித்தாங் போற வழியில, பகல் பன்னெண்டு மணி, தார் உருகுற வெயில், பட்டாசு வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். பின் டயர் ஓரம் நாலு விரல் அகலம் கிழிஞ்சு டியூபும் போச்சு. பழைய டயரை விக்கிறது தப்பில்ல, பழசுன்னு சொல்லி விக்கணும். முன்னாடி ஒரு பிள்ளையையும் பின்னாடி ஒரு பிள்ளையையும் உக்கார வச்சு ஓட்டுறவங்க வாங்குற வண்டி இது, பாலிஷ் போட்டு மறைக்கிறவங்களுக்கு அது தெரியாதா. வாங்கும்போது காத்தை இறக்கச் சொல்லிட்டு டயர் ஓரத்தை ரெண்டு கையாலயும் மடக்கிப் பாருங்க, வெடிப்பு இருந்தா வாய் திறந்து காட்டிரும்.

அப்ப நாங்க தள்ளிக்கிட்டு ஒரு மைல் நடந்திருப்போம். கம்பத்துல பழைய டயர் ஒண்ணைத் தொங்க விட்டிருந்தா பஞ்சர் கடைன்னு அர்த்தம், பர்மாவுல எந்த ரோட்டுலயும் அதைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்ல. ஓலைக் கொட்டகை, ஒரு கம்ப்ரெஸர், ஒரு பேசின்ல தண்ணி. கடையை நடத்துறது ஒரு அம்மா, ரெண்டு கன்னத்துலயும் தனாக்கா மரப்பட்டைச் சாந்தை வட்டமா பூசியிருந்தாங்க, வேர்வையில அது கோடு கோடா வழிஞ்சிருந்துச்சு. டயரைக் கழட்டி மடியில போட்டுக்கிட்டு, கோணி ஊசியை அடுப்புல காய வச்சு, மீன் பிடிக்கிற நைலான் நரம்பைக் கோத்து, கிழிஞ்ச வாயைத் தைக்க ஆரம்பிச்சாங்க. ஒரு குத்து, ஒரு இழு, பல்லால பிடிச்சு ஒரு முறுக்கு. புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிற மாதிரி அவ்வளவு சீரான தையல், நான் எண்ணிப் பாத்தேன், பதினேழு தையல். அப்புறம் மோட்டார் சைக்கிள் டயர்லேருந்து ஒரு துண்டை வெட்டி, ஓரத்தைச் சீவி மெலிசாக்கி, உள்ள வச்சு ஒட்டினாங்க. டியூபு புதுசு அவங்ககிட்டயே இருந்துச்சு. எல்லாம் சேத்து 4,000 ச்சாட். அந்தத் தையல் மோல்மேன் வரைக்கும் வந்துச்சு, அங்க புது டயர் மாத்தினப்பக்கூட பிரியல.

இந்த சைக்கிளை நான் இவ்வளவு சிபாரிசு பண்றதுக்குக் காரணம் அந்தக் கொட்டகைதான். 26 இஞ்ச், அகலம் ஒண்ணரைக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கிற அந்த சைஸ், டயர் மேல 26 X 1 3/8ன்னு போட்டிருக்கும், சைனா டயர் டியூபு எல்லா ஊர்லயும் கிடைக்குது. வால்வும் நம்ம பழைய சைக்கிள் வால்வுதான், உள்ள மெல்லிசு ரப்பர் குழாய் மாட்டுறது, எந்தப் பஞ்சர் கடைப் பம்பும் பொருந்தும். பையில ஒரு ஜாண் ரப்பர் குழாய் போட்டுக்கிட்டா போதும். ஆனா ஒண்ணு கவனிங்க, இதே வண்டி 27 இஞ்ச்லயும் வருது, உயரமானவங்க ஆசைப்பட்டு அதை எடுத்துடுறாங்க, அந்த டயர் ஜப்பான் தவிர வெளிய சுலபத்துல கிடைக்காது, வழியில வெடிச்சா வண்டியை பஸ் மேல ஏத்திட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

உயரமானவங்களுக்கு சீட்டுத்தான் பிரச்சினை. மாமாச்சாரியில சீட் போஸ்ட் குட்டை, ஜப்பான் அம்மாமார் ரெண்டு காலையும் தரையில ஊன்றதுக்கு வசதியா வச்சது. முதல் நாள் 50 மைல், பெகு போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கு முழங்கால் ரெண்டும் கடுப்பெடுத்துருச்சு. பெகுவுல நீளமான போஸ்ட் ஒண்ணு வாங்கி மாட்டி, சீட்டை நாலு விரல் தூக்கினதும் மறுநாள் அந்த வலி இல்ல. சீட்டு அகலம், ஸ்ப்ரிங் வச்சது, முதல் முப்பது மைலுக்கு சோபா மாதிரி, அதுக்கப்புறம் ரெக்சின் வேர்த்து ஒட்டும். கைலியை நாலா மடிச்சு மேல போட்டு டியூபு வாரால கட்டிக்கிட்டேன், சரியா போச்சு. நிமிந்து உக்காந்து ஓட்டுற வண்டிங்கிறதால எதிர்காத்து நெஞ்சுல அடிக்கும், வேகம் போகாது, மணிக்கு எட்டு மைல், நல்ல ரோட்டுல பத்து.

அந்த எட்டு மைல் வேகத்துல என்ன கிடைக்குதுன்னா, தூங்குமூஞ்சி மரம் ரெண்டு பக்கமும் கவிஞ்சு நிக்கிற ரோட்டுல ஒவ்வொரு மரத்தடி குளிர்ச்சியும் தனித்தனியா உடம்புல படும். அறுப்பு முடிஞ்ச வயல் வாசம், அதுக்கப்புறம் வைக்கோல் புகை, அதுக்கப்புறம் யாரோ வீட்டுல ஙப்பி, அதான் புளிக்க வச்ச மீன் விழுது, வறுக்கிற வாசம், மூக்காலயே ஊர் மாறுறது தெரியும். பெகுவுக்கு முன்னாடி வயலுக்கு மேல ஷ்வேமோடோ பகோடா தெரிய ஆரம்பிச்சுது, 374 அடி, ரங்கூன் ஷ்வேடகோனை விட உயரம், பஸ்ல போனா எட்டிப் பாக்குறதுக்குள்ள மறைஞ்சிடும், எங்களுக்கு அது கொஞ்சம் கொஞ்சமா வளந்துக்கிட்டே வந்துச்சு. மைல்கல்லுல பர்மா எழுத்துல நம்பர், ஒவ்வொண்ணையும் நான் சத்தமா பர்மீஸ்ல படிப்பேன், மச்சான் தமிழ்ல திருப்பிச் சொல்லுவான், சின்ன வயசுல பள்ளிக்கூடம் விட்டு கோவில்ல தமிழ் வகுப்புக்குப் போனப்ப சொன்ன மாதிரியே.

லாரிக்காரங்க பேசுவாங்க, அது இந்த நாட்டுல மட்டும் கிடைக்கிற சுகம்னு நினைக்கிறேன். 1970 டிசம்பர்ல இங்க ரோட்டுல இடது பக்கம் போறதை வலது பக்கத்துக்கு மாத்திட்டாங்க, ஆனா ஓடுற வண்டி பாதிக்கு மேல ஜப்பான்லேருந்து வந்ததுங்கிறதால ஸ்டியரிங்கும் வலது பக்கமே இருக்கு. அதனால வலது ஓரமா போற நம்மளைத் தாண்டும்போது டிரைவர் கை எட்டுற தூரத்துல இருப்பாரு. வேகத்தைக் குறைச்சு, ஜன்னல்ல முழங்கையை வச்சுக்கிட்டு, "பெ த்வா மலே"ன்னு கேப்பாங்க, எங்க போறீங்கன்னு. மோல்மேன்னா சிரிப்பாங்க. ஒருத்தர் சாப்டாச்சான்னு கேட்டாரு, "தமின் சா பிபிலா", பர்மாக்காரங்களும் நம்மளை மாதிரி அதைத்தான் கேப்பாங்க, இல்லைன்னேன், அடுத்த ஊர்ல எந்தக் கடையில மொஹிங்கா நல்லாருக்கும்னு சொல்லிட்டுப் போனாரு. சொன்னது சரிதான். அரிசி நூடுல்ஸ் மேல மீன் கொழம்பு கெட்டியா, வாழைத்தண்டு நறுக்கிப் போட்டு, மேல கடலைமாவு வடையை நொறுக்கிப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, காலையில ஆறு மணிக்கு பனி விலகாம இருக்கும்போது அந்தக் கிண்ணத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு சூடு ஏத்திக்கிட்டது இன்னும் கையில இருக்கு.

தண்ணி விலைக்கு வாங்கவே இல்ல, ஆறு நாள்ல ஒரு பாட்டில் கூட. ரோட்டோரமா நாலு கால் நட்டு மேல சின்னக் கூரை போட்டு, பலகையில ரெண்டு மண்பானை, பானைக்கு மூடி, மூடி மேல கவுத்து வச்ச அலுமினிய டம்ளர். யே சான் சின்னு சொல்லுவாங்க, நமக்குத் தண்ணிப்பந்தல். புண்ணியத்துக்கு வைக்கிறது, பக்கத்து வீட்டுக்காரங்க தினமும் நிரப்புவாங்க. தெய்ன்சயாத் பக்கத்துல ஒண்ணுல நான் குடிக்கப் போனப்ப பானையோட அடிவயித்துல பச்சைப் பாசி பிடிச்சு ஈரம் கசிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, கூரைக்குக் கீழ குனிஞ்சா அந்த இடம் மட்டும் தனி ஊர் மாதிரி ஜில்லுனு இருக்கு, டம்ளரை முக்கி எடுத்தா புதுப்பானை மண்ணு வாசத்தோட தண்ணி. மூணு டம்ளர் குடிச்சேன், நாலாவது தலையில ஊத்திக்கிட்டேன், அப்புறம் அது தப்புன்னு பட்டுச்சு, பக்கத்து வீட்டுல குடம் வாங்கி நானே ஒரு குடம் கிணத்துல இறைச்சு ஊத்திட்டு வந்தேன். வயிறு லேசா உள்ளவங்க தண்ணி சுத்தம் பண்ற மாத்திரை போட்டுக் குடிங்க, எங்களுக்கு ஒண்ணும் ஆகல.

டீக்கடை பத்தி ரெண்டு வரி. உதட்டைக் குவிச்சு முத்தம் குடுக்குற மாதிரி சத்தம் போட்டா பையன் வருவான், சோ செய்ன்னு சொன்னா இனிப்பும் திக்குமா டீ, கூட எண்ணெயில பொரிச்ச நீள மாவுப் பண்டம், ஈச்சாகுவே, ஒண்ணு. மேசை மேல பிளாஸ்க்ல வெறும் பச்சைத் தேயிலைத் தண்ணி எவ்வளவு வேணாலும் காசில்லாம. சைக்கிளை முன்னாடி ரெண்டு கால் ஸ்டாண்டுல நிறுத்திட்டு அது விழுமோன்னு திரும்பித் திரும்பிப் பாக்காம உக்காரலாம், சைடு ஸ்டாண்டு வச்ச வண்டிக்கு அந்த நிம்மதி கிடையாது.

இப்ப கூடைக்கு வர்றேன், இந்த வண்டியில எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். டூரிங் போறவங்க ரெண்டு பக்கமும் தண்ணி புகாத பை மாட்டுவாங்க, நல்ல பொருள்தான், நானும் ஆசைப்பட்டிருக்கேன். என்கிட்ட பின்னாடி கேரியர்ல ஒரு ட்ராவல் பேக், டியூபு வாரால கட்டினது, கேரியர்ல கிளாஸ் 27ன்னு அச்சு குத்தியிருக்கும், 27 கிலோ தாங்கும்னு அர்த்தம், 18ம் இருக்கு, பாத்து வாங்குங்க. முன்னாடி கூடையை நான் காலியா விட்டிருந்தேன். கூடை திறந்து கிடக்கிறதால வழியில பாக்குறவங்க அதுல எதையாவது போட்டுடுறாங்க, மூடின பைக்குள்ள யாரும் எதையும் போட மாட்டாங்க. பெகுவுல தங்கின வீட்டுக்காரம்மா ஒரு சீப்பு வாழைப்பழம் வச்சாங்க. மொஹிங்கா கடையில மிச்சமா இருந்த வடையைக் காகிதத்துல சுத்தி வச்சாங்க. ஒரு பள்ளிக்கூடத்து வாசல்ல பிள்ளைங்க கூட்டமா மஞ்சள் சைக்கிள்ல வந்துச்சுங்க, சிங்கப்பூர்லயும் மலேசியாவுலயும் வாடகை சைக்கிள் கம்பெனிங்க மூடினதுல தேங்கிப் போன வண்டிங்களை 2019ல இங்க கொண்டு வந்து ஏழைப் பிள்ளைங்களுக்குக் குடுத்தாங்கல்ல, அதுங்க, அரை மைல் எங்க கூடவே ரேஸ் விட்டு வந்து, பிரியிறப்ப ஒரு பொண்ணு ரெண்டு நெல்லிக்காயை என் கூடையில எறிஞ்சுட்டு வளைஞ்சு போயிருச்சு. கூடையைப் பாத்தாலே அன்னிக்கு யாரைப் பாத்தோம்னு சொல்லிடலாம்.

சித்தாங் பாலத்துல இறங்கித் தள்ளிக்கிட்டே போனோம். பழைய ரயில் பாலத்தை 1942 பிப்ரவரி 23ல வெள்ளக்காரங்களே வெடி வச்சுத் தகர்த்தாங்க, ஜப்பான்காரங்க தாண்டக் கூடாதுன்னு, அப்ப அந்தக் கரையில மாட்டிக்கிட்டது பெரும்பாலும் இந்தியப் பட்டாளம். அப்பாயி அதைப் பத்திச் சொல்லியிருக்காங்க. ஆறு அகலமா மண்ணு நிறத்துல சத்தமில்லாம போயிட்டு இருந்துச்சு.

தட்டோன்ல அத்தை வீடு. ரப்பர் தோட்டத்து ஓரம், வாசல்ல பால் ஷீட்டு கொடியில காயப் போட்டிருந்தாங்க, அந்தப் புளிச்ச வாசத்தோட இட்லி சாப்பிட்டோம். தன்பியுசயாத் வரைக்கும் போறோம்னதும் அத்தை பேசாம உள்ள போயிட்டு, கிளம்புறப்ப என் கூடையில ஒரு பொட்டலம் வச்சாங்க, கற்பூரமும் ஊதுபத்தியும், மேல அவங்க தோட்டத்துச் செவ்வந்தி ஈரத்துணியில சுத்தி. "மாமாவோட சித்தப்பா அங்கதான்யா போனாரு"ன்னாங்க. ஜப்பான்காரங்க ரயில் ரோடு போட ஆள் பிடிச்சப்ப போனவரு, திரும்பி வரல. எந்த இடம்னு யாருக்கும் தெரியாது.

மோல்மேனுக்கு முன்னாடி சல்வீன் பாலம், 2005ல திறந்தது, ரெண்டு மைலுக்கு மேல நீளம், ரயிலும் ரோடும் ஒண்ணா போகுது. அதுக்கு முன்னாடி மர்தபான்ல இறங்கி படகு ஏறித்தான் போகணும், அப்பா காலத்துல எல்லாரும் அப்படித்தான் போயிருக்காங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பாலத்துல ஏறினோம், முதல் கியர்ல மெதுவா, இந்தப் பக்கம் தீவுங்க, அந்தப் பக்கம் மோல்மேன் குன்று மேல வரிசையா பகோடாக்கள்ல வெயில் பட்டு மின்னுது, காத்து முதுகுல. மச்சான் முன்னாடி போயிட்டு இருந்தவன் மணியை டிரிங் டிரிங்னு அடிச்சுக்கிட்டே போனான், யாரும் குறுக்க இல்ல, சும்மா. எனக்கு 46 வயசு, அவ்வளவு சந்தோஷமா நான் கடைசியா எப்ப இருந்தேன்னு யோசிச்சுக்கிட்டே மிதிச்சேன்.

மறுநாள் ஊர்ல ஓய்வு. அந்தக் குன்று மேல சைத்தலான் பகோடாவுக்கு வண்டியைத் தள்ளி ஏத்திட்டு இறங்கினப்பதான் இந்த வண்டியோட பெரிய குறை புரிஞ்சுது. பின்னாடி பேண்டு பிரேக், ஒரு உருளையைச் சுத்திப் பட்டை இறுக்குறது, சமவெளிக்குப் போதும், இறக்கத்துல சூடாகிப் பிடி விட்டுரும், கத்துற கத்துல தெருவுல எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. பாதியில இறங்கித் தள்ளிக்கிட்டே வந்தேன். மலை ரோட்டுக்கு இந்த வண்டி வேண்டாம், இதை அழுத்திச் சொல்றேன், ஷான் பக்கமெல்லாம் இதை எடுத்துட்டுப் போகவே கூடாது. ரோலர் பிரேக் வச்சதும் வருது, விலை கொஞ்சம் கூட, சத்தம் கிடையாது, கிடைச்சா அதை எடுங்க.

ஆறாம் நாள் காலையில நாலரைக்கே கிளம்பினோம், 40 மைல், முடோன் வழி. இருட்டுல டைனமோவைச் சக்கரத்துல சாய்ச்சா ஊஊன்னு ஒரு சத்தம், மிதி கொஞ்சம் கனக்கும், வேகம் கூடக் கூட வெளிச்சமும் கூடும். ரெண்டு வண்டியும் ரெண்டு சுருதியில முனகிக்கிட்டு பனிக்குள்ள போகுது, எதிர்ல வரிசையா பிக்குங்க பிச்சைப் பாத்திரத்தோட வெறுங்கால்ல வர்றாங்க, வெளிச்சத்துல முதல்ல காலுதான் தெரியுது. நாங்க ஓரம் கட்டி நின்னு டைனமோவை எடுத்துட்டோம்.

தன்பியுசயாத்ல யுத்தக் கல்லறை ரொம்பச் சுத்தமா வச்சிருக்காங்க, புல்லு வெட்டி, ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்துல பூச்செடி. 3,700க்கு மேல கல்லு, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியா, டச்சுக் கைதிங்க, பேரு, வயசு, சில கல்லுல வீட்டுக்காரங்க எழுதின வரி. ஜப்பான்காரங்க இவங்களை வச்சுப் போட்ட ரயில் ரோடு சயாம்லேருந்து இங்க வரைக்கும் 415 கிலோமீட்டர், 1943 அக்டோபர்ல முடிச்சாங்க. மலாயாத் தோட்டத்துலேருந்து தமிழாளுங்க, பர்மாவுலேருந்து பர்மாக்காரங்களும் நம்மாளுங்களும், கைதிங்களை விடப் பல மடங்கு பேரு அந்த வேலையில செத்தாங்க, அவங்களுக்கு அங்க கல்லு கிடையாது. நாங்க ரெண்டு வரிசை நடந்து பாத்துட்டு வெளிய வந்துட்டோம். ரயில் ரோடு ஆரம்பிச்ச இடத்துல பழைய கரி இன்ஜின் ஒண்ணு நிறுத்தி வச்சிருக்காங்க, அதுக்குப் பக்கத்துல தண்டவாளத் துண்டு. மச்சான் அங்க சைக்கிளை நிறுத்தி, கூடையிலேருந்து பொட்டலத்தை எடுத்துக் குடுத்தான். செவ்வந்தி கொஞ்சம் வதங்கியிருந்துச்சு. தண்டவாளத்து மேல வச்சு கற்பூரம் ஏத்தினோம், பேரு தெரிஞ்ச ஒருத்தருக்கும் தெரியாதவங்களுக்கும். காத்துல ரெண்டு தடவை அணைஞ்சு மூணாவது தடவை நின்னு எரிஞ்சுது.

திரும்பி மோல்மேன்லேருந்து ரயில்ல வந்தோம், சைக்கிளை சாமான் பெட்டியில போட்டு. தூக்கி ஏத்த ரெண்டு பேரு வேணும், தனியா போறவங்க ஸ்டேஷன்ல போர்ட்டருக்குக் காசு ஒதுக்கிக்குங்க.

இந்த ஆறு வருஷத்துல மாத்தினது: டயர் ரெண்டு தடவை, டியூபு கணக்கில்ல, பின்பிரேக் பட்டை ஒண்ணு, கியர் கேபிள் ஒண்ணு, பெடல் ஒரு ஜோடி. செயின் இன்னும் பழசுதான், முழுக் கவர் இருக்கிறதால தூசியும் மழையும் உள்ள போகல, கைலியும் மாட்டாது. ஹப்பைத் தொடவே இல்ல. கூடை அடியில துரு பிடிச்சுது, வயர் சுத்தி வச்சிருக்கேன். ரங்கூன் நடு ஊர்ல மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது, ராத்திரி கரண்ட் போனா தெரு பூரா இருட்டு, பேட்டரி சார்ஜ் எதுவும் வேண்டாத இந்த டைனமோ லைட்டுக்கு அப்பதான் மதிப்புத் தெரியுது, பின்னால நடந்து வர்றவங்க கூட "கொஞ்சம் மெதுவா போங்க அண்ணே"ன்னு வெளிச்சத்தோடயே வருவாங்க.

யாரு வாங்கலாம்னா, சமவெளி ரோடு, ஒரு நாளைக்கு நாப்பது அம்பது மைல், அவசரமில்ல, இப்படிப் போறவங்க கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். பத்துக்கு எட்டு மார்க்கு குடுப்பேன், ஒரு மார்க்கு பிரேக்குக்காகக் குறைச்சது, ஒண்ணு சீட் போஸ்டுக்கு. கடைக்காரரோட நேர்மைக்கு மார்க்கு தனி, அது நீங்க டயரை மடக்கிப் பாத்து நீங்களே போட்டுக்குங்க.

இப்ப மகள்தான் டியூஷனுக்கு எடுத்துட்டுப் போறா. போன ஞாயித்துக்கிழமை கேட்டா, "அப்பா, பீலிக்கான் கோவில் வரைக்கும் இதுல போலாமா?" தன்லியின் பாலம் தாண்டி சவுத்தான் ரோடு, ரோடு பூரா சமம்தான். அவளுக்குன்னு ஒரு 26 இஞ்ச் பாத்துக்கிட்டு இருக்கேன், கூடை நெளியாததா.